அகலிகை தெரிந்தே செய்தாளா? கம்பன், வால்மீகி, இன்றைய வாசிப்பு

கொள்ளிடத்தான்:

போன வாரம் ஒரு பட்டிமன்றத்தின் காணொளி பார்த்தேன். தலைப்பு அகலிகை, கணவன் கோதமன் (கௌதமர்) வடிவில் வந்த இந்திரனோடு கூடியதற்காகச் சாபம் பெற்று, ராமனால் மீண்ட முனிவர் மனைவி. ஒரு அணி "அவள் ஏமாற்றப்பட்டவள், குற்றமே இல்லை" என்றது. மறு அணி "தவறினாள், தண்டனை பெற்றாள், ராமன் அருளால் மீண்டாள், அவ்வளவுதான்" என்றது. நடுவர் வழக்கம்போல இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் கொடுத்து முடித்தார். கைத்தட்டல்.

எனக்குத் தீராதது கம்பனின் இரண்டு இடங்கள். அகலிகைப் படலத்தில் இந்திரன் கோதமன் வடிவில் உள்ளே வந்த பிறகு வரும் பாட்டு இது:

"புக்கு அவளோடும் காமப் புது மண மதுவின் தேறல்
ஒக்க உண்டு இருத்தலோடும் உணர்ந்தனள், உணர்ந்த பின்னும்
தக்கது அன்று என்ன ஓராள்"

உணர்ந்துவிட்டாள், உணர்ந்த பிறகும் இது தகாது என்று நினைக்கவில்லை. இதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. ஆனால் படலத்தின் முடிவில் அவளைக் கோதமனிடம் ஒப்படைக்கும்போது "நெஞ்சினால் பிழைப்பு இலாளை நீ அழைத்திடுக" என்கிறார் விசுவாமித்திரர். இரண்டையும் சொல்வது ஒரே வாய். முன்கதை முழுவதையும் ராமனுக்குச் சொன்னவரும் அவர்தான்.

உணர்ந்த பின்னும் விலகாதவள் எப்படி நெஞ்சினால் பிழைக்காதவள் ஆவாள்? பழைய உரைகாரர்கள் பக்கமும் இன்றைய வாசகர்கள் பக்கமும் நிற்பவர்கள் சொல்லுங்கள். தயவுசெய்து "அந்தக் காலம் அப்படி" என்று மட்டும் யாரும் முடிக்க வேண்டாம்.

அடியேன்:

இதில் முரணே இல்லை ஐயா. இரண்டு பாட்டுக்கும் நடுவில் எத்தனை காலம் போயிருக்கிறது? கல்லாய்க் கிடந்த காலம் முழுக்கத் தவம்தான். "பிழைப்பு இலாளை" என்பது அன்றைய அகலிகையைப் பற்றிய தீர்ப்பு இல்லை, இன்று எழுந்து நிற்கும் அகலிகையைப் பற்றியது. பெருமாள் திருவடித் துகள் பட்டவருக்குப் பழைய கணக்கு ஏது?

அவளே சாபம் கேட்டதும் என்ன சொல்கிறாள்? "பிழைத்தது பொறுத்தல் என்றும் பெரியவர் கடனே." நான் பிழைக்கவில்லை என்று அவள் வாதாடவில்லையே. அவள் ஒப்புக்கொண்டதை நாம் ஏன் இல்லை என்று சாதிக்க வேண்டும்?

இன்னொன்று. அகலிகை, திரௌபதி, சீதை, தாரை, மண்டோதரி என்று ஐந்து பேரைத் தினமும் காலையில் நினைத்தால் பாவம் போகும் என்று ஒரு சுலோகம் சொல்லி வருகிறோம். வரிசையில் முதல் பெயர் அவளுடையது. மரபு அவளை இழிவாக வைத்தது என்று சொல்பவர்கள் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

தாழம்பூ:

அடியேன் ஐயா, "பிழைத்தது பொறுத்தல்" என்பது எந்த நேரத்தில் வருகிறது என்று பாருங்கள். கணவன் "விலைமகள் அனைய நீயும் கல் இயல் ஆதி" என்று சொல்லியாகிவிட்டது. அவள் உடம்பு கல்லாகிக் கீழே விழுகிறது. அந்த நொடியில் ஒரு பெண் வேறு என்ன சொல்வாள்? வாதாடுவாளா? சாபத்துக்கு ஒரு முடிவு வேண்டும், அதற்காகக் கெஞ்சுகிறாள். அதை ஒப்புதல் வாக்குமூலம் என்று எடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

"உணர்ந்த பின்னும் ஓராள்" என்பதற்கும் என் வாசிப்பு வேறு. நடக்கக் கூடாதது நடந்துகொண்டிருக்கிறது என்று தெரிந்ததும் உடம்பும் மனசும் உறைந்து போவது உண்டு. கத்தவும் முடியாது, தள்ளவும் முடியாது, யோசிக்கவும் முடியாது. பாதிக்கப்பட்டவர்கள் எத்தனையோ பேர் இதைச் சொல்லியிருக்கிறார்கள். அதிர்ச்சியில் சிந்தனை நின்றவள்தான் "ஓராள்". அப்படிப் படித்தால் "நெஞ்சினால் பிழைப்பிலாள்" தானாகப் பொருந்திவிடுகிறது.

கொள்ளிடத்தான்:

தாழம்பூ அம்மா, பொருந்துகிறது என்பதற்காக ஏற்க முடியுமா? அதற்கு முந்தின அடியில் "ஒக்க உண்டு" என்று இருக்கிறதே. இருவரும் சேர்ந்தே அந்தத் தேறலை (தெளிந்த கள்ளை) உண்டார்கள் என்கிறான் கம்பன். புதுமண மது என்கிறான். உறைந்து போனவளைப் பற்றி எழுதும் மொழியா இது? "தாழ்ந்தனள் இருப்ப" என்று வேறு தொடர்கிறது. கம்பனுக்கு அதிர்ச்சியைச் சொல்லத் தெரியாதா என்ன? கைகேயி வரம் கேட்டதும் தசரதன் படும் பாட்டைப் பத்து விதமாகச் சொன்னவன்.

உங்கள் வாசிப்பு நியாயமானது, ஆனால் அது கம்பனின் வாசிப்பு இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சும்மா_வந்தவன்:

பாட்டை எழுதினவனும் ஆண், கதை சொன்ன முனிவரும் ஆண், சாபம் கொடுத்தவரும் ஆண், விமோசனம் கொடுத்தவரும் ஆண். ஒக்க உண்டாளா இல்லையா என்று சாட்சி சொல்ல அந்த அறையில் யார் இருந்தார்கள்?

வடமொழிவாசகன்:

கம்பனுக்கு முன்னால் போனால் விஷயம் இன்னும் சிக்கல். இன்றைய வாசகர்கள் பலர் "மூலத்தில் அவள் அப்பாவி, பின்னால் வந்தவர்கள் கெடுத்தார்கள்" என்று நினைக்கிறார்கள். வால்மீகியின் பால காண்டம் 48ஆம் சர்க்கத்தை (அத்தியாயத்தை) திறந்தால் நேர் எதிர். வந்திருப்பது முனிவர் வேடத்தில் இந்திரன் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தே, தேவராஜன் மேல் கொண்ட ஆர்வத்தால் சம்மதிக்கிறாள். அவன் கிளம்பும்போது "நான் நிறைவடைந்தேன், சீக்கிரம் போய்விடு, கௌதமரிடமிருந்து உன்னையும் என்னையும் காப்பாற்று" என்கிறாள். வால்மீகி அவளைக் கெட்ட புத்திக்காரி என்று ஒரு சொல்லால் குத்தவும் செய்கிறார். ஆனால் எதையும் மறைக்கவில்லை.

ஆக ஏமாற்றப்பட்ட அகலிகை மூலத்தில் இல்லையா என்றால், அதுவும் இருக்கிறாள். உத்தர காண்டத்தில் மேகநாதனிடம் இந்திரன் சிறைப்பட்டதற்குக் காரணம் சொல்ல வரும் பிரம்மா இதே கதையை எடுக்கிறார். அங்கே இந்திரன் செய்தது பலாத்காரம். அந்தப் பகுதியின் சுவடிப் பாடங்கள் சிலவற்றில் அகலிகை வாய் திறந்து பேசுகிறாள்: உங்கள் உருவத்தில் வந்தான், அறியாமல் கெட்டேன், ஆசையால் அல்ல. உத்தர காண்டம் பின்னால் சேர்ந்தது என்பது பெரும்பாலான ஆய்வாளர் கருத்து. இருக்கட்டும். சேர்த்தவருக்குமே பால காண்டத்து அகலிகை உறுத்தியிருக்கிறாள், அதனால் மாற்றி எழுதினார். அவரை நவீன வாசகர் என்பீர்களா, மரபு என்பீர்களா?

இன்னும் இரண்டு தகவல். வால்மீகியில் அவள் கல்லாகவில்லை. யார் கண்ணுக்கும் தெரியாமல், காற்றை உண்டு, சாம்பலில் கிடக்க வேண்டும் என்பது சாபம். அப்புறம் ராமன் கால் அவள் மேல் படவில்லை. ராமனும் லட்சுமணனும் அவள் காலைத் தொட்டு வணங்குகிறார்கள். இதை மேடையில் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

அடியேன்:

வணங்கியது அவள் ரிஷி பத்தினி, வயதில் பெரியவள் என்பதால். கம்பரும் ராமன் வாயால் அவளை அன்னை என்றே அழைக்க வைக்கிறார். மரியாதை இரண்டிலும் ஒன்றுதான். திருவடித் துகளால் மீண்டது கம்பர் இட்டுக்கட்டியதும் இல்லை, அத்யாத்ம ராமாயணம், துளசிதாசர் என்று வடக்கிலும் உண்டு.

பழைய_ஓலை:

கல் கம்பனுடைய சொந்தச் சரக்கு இல்லை என்பதற்குத் தமிழிலேயே சான்று இருக்கிறது தம்பிகளே. பரிபாடல் 19, திருப்பரங்குன்றத்துப் பாட்டு, நப்பண்ணனார் பாடியது. மலைக்கு வந்தவர்கள் அங்கே எழுதியிருந்த ஓவியங்களைப் பார்த்து ஒருவருக்கொருவர் விளக்கிக்கொள்கிறார்கள். "இந்திரன் பூசை, இவள் அகலிகை, இவன் சென்ற கவுதமன், சினன் உறக் கல்லுரு ஒன்றியபடி இது." பூசை என்றால் பூனை. இந்திரன் பூனையாக மாறி நழுவுகிறான், இவள் கல்லாகிறாள். கம்பனுக்குப் பல நூற்றாண்டு முன்னாலேயே பரங்குன்றத்துக்கு வந்த சனங்களுக்குத் தெரிந்த கதை.

அந்தப் பூனை காஷ்மீரத்தில் 11ஆம் நூற்றாண்டில் சோமதேவர் எழுதிய கதாசரித்சாகரத்திலும் வருகிறது. உள்ளே யார் என்று கௌதமர் கேட்க, பொய்யும் ஆகாமல் மெய்யும் ஆகாமல் சாமர்த்தியமாக "பூனை" என்கிறாள் அந்த அகலிகை. கம்பனிலும் இந்திரன் பூனை உருவில்தான் போகப் பார்க்கிறான். ஆக வால்மீகியில் இல்லாத ஒன்று மதுரைப் பக்கத்துச் சுவரிலும் காஷ்மீரத்து ஏட்டிலும் இருக்கிறது. மூலம் ஒன்று, மற்றதெல்லாம் திரிபு என்று பேசுகிறவர்கள் இதை எங்கே வைப்பார்கள்?

குறளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். "ஐந்தவித்தான் ஆற்றல் அகல்விசும்பு ளார்கோமான் இந்திரனே சாலுங் கரி." 25ஆம் குறள். பரிமேலழகர் உரை இந்தச் சாபக் கதையைத்தான் காட்டுகிறது. புலனடக்காத இந்திரன் சாபம் வாங்கியதே புலனடக்கிய முனிவனின் ஆற்றலுக்குச் சாட்சி என்கிறார். அங்கே அகலிகை ஒரு பொருட்டே இல்லை. மணிமேகலையிலும் அப்படியே. உதயகுமரனைத் தூண்டிவிடும் சித்திராபதி, இந்திரனே மாதவன் மனைவியால் ஆயிரம் கண் பெற்றான் என்று எடுத்துச் சொல்கிறாள். தேவர் கோமானுக்கே அந்த நிலை, உனக்கென்ன என்கிற மாதிரி. அங்கும் பேச்சு இந்திரனைப் பற்றித்தான்.

வாய்தா:

பழைய ஓலை ஐயா சொன்னதைப் பிடித்துக்கொண்டு ஒன்று சொல்கிறேன். தொழில் புத்தி, மன்னிக்கவும்.

குறளின் பார்வையில் வழக்கு இந்திரனுக்கும் கௌதமனுக்கும். இந்தியத் தண்டனைச் சட்டம் 497 ஞாபகம் வருகிறதா? மணமான பெண்ணோடு உறவு வைத்த ஆணுக்கு மட்டும் தண்டனை, பாதிக்கப்பட்டவர் கணவர், அவர் சம்மதம் இருந்தால் குற்றமே இல்லை. அந்தப் பெண் உடந்தையாகக்கூடக் கருதப்பட மாட்டாள். பெண்ணுக்குச் சலுகை மாதிரி தெரியும், உண்மையில் அவளுக்குச் சொந்த விருப்பம் என்று ஒன்று இருப்பதையே கணக்கில் எடுக்காத சட்டம். 1860இல் எழுதியது, 2018 செப்டம்பர் 27 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்யும்வரை இருந்தது. பரிமேலழகர் காலத்துப் பார்வை நம் சட்டப் புத்தகத்தில் 6 வருடம் முன்புவரை உயிரோடு இருந்தது என்று வேடிக்கையாகச் சொல்லலாம், 2024இலிருந்து எண்ணினால்.

ஆனால் அதே 1860 சட்டத்தில் 375ஆம் பிரிவின் நான்காவது கூறு என்ன சொல்கிறது? தன்னை அவள் கணவன் என்று நம்பித்தான் சம்மதிக்கிறாள் என்று தெரிந்தே ஒருவன் உறவு கொண்டால், அவள் சம்மதித்திருந்தாலும் அது வன்புணர்ச்சி. இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 63ஆம் பிரிவாக வந்திருக்கிறது, அந்தக் கூறு அப்படியே இருக்கிறது. அகலிகைக்காகவே எழுதினது போல இருக்கும். ஆகவே "ஏமாற்றிப் பெற்ற சம்மதம் சம்மதம் இல்லை" என்பது நேற்று சமூக வலைத்தளத்தில் பிறந்த கருத்து இல்லை. 160 வருடத்துக்கும் மேல் பழசு.

இதைக் கம்பன் பாட்டில் பொருத்தினால், இந்திரன் கணவன் உருவில் உள்ளே நுழைந்து தொட்ட கணமே குற்றம் முழுமையாகிவிட்டது. பிறகு அவள் உணர்ந்தாளா, ஓர்ந்தாளா என்பது அவன் குற்றத்தைக் குறைக்காது. கொள்ளிடத்தான் அண்ணா கேட்ட முரண் எங்கே வருகிறது என்றால், அவன் குற்றத்தை விட்டுவிட்டு இவள் மனசுக்குள் நுழைந்து அளக்கப் பார்க்கும்போது.

வால்மீகியின் பால காண்டத்துக்கு இந்தப் பிரிவு பொருந்தாது. அங்கே அவளுக்குத் தெரியும். அது இரண்டு பேர் தெரிந்து செய்தது. சாம்பலில் கிடக்க வைக்கும் அளவுக்கு அது குற்றமா என்பது தனிக் கேள்வி.

தாழம்பூ:

வாய்தா சொன்னதில் முக்கால்வாசி ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இன்றைய வாசிப்பின் மேல் எனக்கே ஒரு குறை இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் எல்லோரும் அவளை அப்பாவியாக்கப் பாடுபடுகிறோம். ஏன்? குற்றமற்றவளாக இருந்தால்தான் அவள் மேல் இரக்கப்பட முடியுமா? உத்தர காண்டக்காரருக்கும் நமக்கும் அதில் வித்தியாசமே இல்லை. "ஆசையால் அல்ல" என்று அவள் வாயால் சொல்ல வைத்தால்தான் நிம்மதி. எனக்கு இப்போது வால்மீகியின் பால காண்டத்து அகலிகைதான் அதிகம் பிடிக்கிறாள். ஆசைப்பட்டாள், தெரிந்து செய்தாள், மாட்டிக்கொள்ளாமல் போ என்றும் சொன்னாள். அப்படிப்பட்டவள் காலைத்தான் ராமன் தொட்டான். காலைத் தொடுவதற்கு முன்னால் அவள் குற்றமற்றவள் என்ற சான்றிதழை யாரும் கேட்கவில்லை.

அடியேன்:

தாழம்பூ, இங்கேதான் அம்மா நீங்களும் நானும் பிரிகிறோம். ராமன் தொட்டது அவள் செய்ததை ஏற்றுக்கொண்டு இல்லை. தவம் முடிந்தவளை வணங்கினான். சாபத்தில் கௌதமரே சொல்லியிருக்கிறார், ராமன் வரும்போது தூய்மை அடைவாய், என் பக்கத்தில் இருப்பாய் என்று. நடுவில் உள்ள அத்தனை ஆயிரம் வருடத் தவத்தை எடுத்துவிட்டு முதலையும் முடிவையும் ஒட்டினால் வேறு கதைதான் வரும்.

உங்கள் வாசிப்பில் மனந்திரும்புதலுக்கு இடமே இல்லாமல் போகிறது. செய்தது பிழை என்றே இல்லையென்றால் மன்னிப்பு எதற்கு, விமோசனம் எதற்கு? மரபு கொடுப்பது என்னவென்றால், பிழைத்தவரும் திரும்ப வரலாம், வந்தபின் பழையதைக் கிளறக் கூடாது. அது பெரிய விஷயம். இன்றைக்கு ஊரில், வீட்டில் அதைக் கடைப்பிடிக்கிறோமா? கோதமர் கடைப்பிடித்தார். "முனிவனும் கருத்துள் கொண்டான்" என்று ஒரே அடியில் முடிக்கிறார் கம்பர். ஒரு கேள்வி கேட்கவில்லை அவர்.

கொள்ளிடத்தான்:

அடியேன் ஐயா சொன்ன கடைசி வரி எனக்கு உறைக்கிறது. கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்ட கணவன் என்று கோதமனை யாரும் மேடையில் பேசுவதில்லை.

ஆனால் அதே கோதமனிடம் வேறு யாரும் கேள்வி கேட்கவில்லை என்பதும் உண்மைதானே. முக்காலம் அறிந்த முனிவர், கோழி கூவியது பொய்யா மெய்யா என்று அறியாமல் ஆற்றுக்குப் போனது எப்படி? மனைவியிடம் என்ன நடந்தது என்று ஒரு வார்த்தை கேட்டாரா? இந்திரனுக்கு உடலெங்கும் ஆயிரம் பெண்குறி, அவளுக்குக் கல், முடிந்தது வழக்கு. இந்திரனுக்கு அந்தக் குறிகள் கண்களாக மாறிச் சீக்கிரமே விடிவு வந்தது. பிரம்மாவும் தேவர்களும் வந்து வேண்டினார்கள். அவளுக்காக யார் வந்து வேண்டினார்கள்?

சும்மா_வந்தவன்:

பதவியில் இருப்பவனுக்குப் பரிந்துரைக்க ஆள் வரும். எல்லா யுகத்திலும்.

பழைய_ஓலை:

நவீன வாசிப்பு என்று பேசுகிறீர்கள், புதுமைப்பித்தனை இன்னும் யாரும் தொடவில்லையே! "சாபவிமோசனம்" 1943. ராமாயணப் பழக்கமுள்ளவர்களுக்கு இது பிடிக்காமல் போகலாம், அதைப் பற்றிக் கவலை இல்லை என்று முன்னாலேயே எச்சரித்துவிட்டுத் தொடங்குவார்.

அதில் சாபம் நீங்கியபின் இருவரும் சேர்ந்து வாழப் பார்க்கிறார்கள். முடியவில்லை. ஒவ்வொரு சொல்லையும் அளந்து பேசுகிறாள் அவள், ஊர்ப் பெண்கள் ஒதுங்குகிறார்கள். பட்டாபிஷேகத்துக்குப் பிறகு சீதை வந்து அக்கினிப் பிரவேசம் செய்ததைச் சொல்ல, "அவர் கேட்டாரா? நீ ஏன் செய்தாய்?" என்று கொதிக்கிறாள். அகலிகைக்கு ஒரு நீதி, சீதைக்கு ஒரு நீதியா என்பதுதான் அந்தக் கதையின் அடி வயிறு. முடிவில் கோதமன் அணைக்க வரும்போது அவனும் இந்திரன் வேடமாகத் தோன்றி மறுபடி கல்லாகிவிடுகிறாள்.

அதே 1943இல்தான் கம்பராமாயணத்தைக் கொளுத்தலாமா என்று அண்ணாதுரை ஒரு பக்கமும் ரா.பி. சேதுப்பிள்ளை, சோமசுந்தர பாரதியார் மறுபக்கமும் நின்று சென்னையிலும் சேலத்திலும் சொற்போர் நடத்தினார்கள். எரிப்பதா காப்பதா என்று வெளியே கூட்டம் கூடியிருந்தபோது, இவர் எரிக்கவும் இல்லை, காக்கவும் இல்லை. கதைக்குள்ளேயே புகுந்து அடுத்த அத்தியாயம் எழுதினார். எனக்கு அந்த வழிதான் மரபுக்கு மிக அருகில் இருப்பதாகப் படுகிறது. கம்பன் வால்மீகிக்குச் செய்ததும் அதுதானே?

அடியேன்:

கம்பர் செய்தது பக்தியால். புதுமைப்பித்தன் செய்தது கோபத்தால். இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள் ஐயா. "மை வண்ணத்து அரக்கி போரில் மழை வண்ணத்து அண்ணலே உன் கை வண்ணம் அங்குக் கண்டேன், கால் வண்ணம் இங்குக் கண்டேன்" என்று பாடியவர் அகலிகையை வைத்து ராமனைப் பார்க்கச் சொல்கிறார். மற்றவர் அகலிகையை வைத்து ராமனைக் கூண்டில் ஏற்றுகிறார்.

வடமொழிவாசகன்:

கோபம் என்றால் மட்டும் மரபுக்கு வெளியே போய்விடுமா?

உருவகமாக்கித் தப்பித்தவர்களும் மரபில் உண்டு. மீமாம்சைத் தத்துவ அறிஞர் குமாரில பட்டர் இந்திரன் என்றால் சூரியன், அகலிகை என்றால் இரவு, சூரியன் வந்ததும் இரவு அழிகிறது, அவ்வளவுதான் விஷயம் என்றார். வேதச் சடங்குகளை விளக்கும் பிராமணங்கள் என்ற நூல்களில் யாகத்துக்கு இந்திரனைக் கூப்பிடும்போதே அகலிகையின் காதலனே என்று அழைக்கும் வழக்கம் இருந்தது. அதைப் பிற்காலத்தவர் எப்படிச் செரிப்பது என்று தவித்ததன் விளைவு இந்த உருவகம். சங்கடத்திலிருந்து வெளியேற அவருக்கு அது வழி. இன்றைக்கு "எல்லாம் குறியீடு" என்று சொல்பவர்களுக்கு அவர்தான் முன்னோடி.

நான் சொல்ல வந்தது வேறு. இந்த இழையில் கோதமனிடமும் இந்திரனிடமும் ராமனிடமும் போய்விட்டோம், மகனிடம் போகவில்லை. அகலிகையின் மகன் சதானந்தர், ஜனகரின் புரோகிதர். பால காண்டம் 51ஆம் சர்க்கம். விசுவாமித்திரர் மிதிலைக்கு வந்ததும் அவர் கேட்கும் முதல் விஷயமே அம்மாவைப் பற்றி. புகழ் கொண்ட என் தாயை ராஜகுமாரனுக்குக் காட்டினீர்களா, அவள் அவனை உபசரித்தாளா, பழைய நிகழ்ச்சியை அவனுக்குச் சொன்னீர்களா, என் தந்தையோடு சேர்ந்தாளா என்று அடுக்கிக்கொண்டே போகிறார். பாவம், கெட்டுப்போனவள் என்கிற மாதிரி ஒரு சொல் இல்லை. புகழ் கொண்டவள் என்கிறார்.

கொள்ளிடத்தான்:

அருமை. கம்பனில் அந்தக் கேள்வி வருவதற்கு இடமே இல்லை, விசுவாமித்திரரே முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறார். தாடகையைக் கொன்றான், வேள்வியை முடித்தான் என்று அடுக்கும்போது நடுவே "நின் அன்னை சாபமும் முடித்து" என்று ஒரு வரி. மகனைக் கேட்க வைத்துச் சங்கடப்படுத்தக் கூடாது என்று கம்பன் நினைத்திருப்பானோ?

தாழம்பூ:

அல்லது மகன் வாயை அடைக்க. வால்மீகியில் விசுவாமித்திரர் என்ன பதில் சொல்கிறார்?

வடமொழிவாசகன்:

செய்ய வேண்டியதில் எதையும் விடவில்லை, ரேணுகை பார்க்கவரோடு சேர்ந்ததுபோல் உன் தாய் முனிவரோடு சேர்ந்துவிட்டாள் என்கிறார்.

பழைய_ஓலை:

பார்க்கவர் என்றால் ஜமதக்கினி. ரேணுகையா ஒப்பீட்டுக்குக் கிடைத்தாள்! மனத்தில் ஒரு கணம் சலனம் வந்ததற்காகக் கணவன் ஆணையிட, பெற்ற மகன் பரசுராமனே தலையை வெட்டியவள். பிறகு மீண்டவள். நம் ஊரில் எத்தனை மாரியம்மன் கோயிலில் அந்தக் கதை சொல்கிறார்கள். மகனிடம், உன் அம்மா ரேணுகை மாதிரி சேர்ந்துவிட்டாள் என்று சொல்வது, கேட்பவன் நெஞ்சில் எப்படி விழுந்திருக்கும்?

அடியேன்:

மீண்டதை மட்டும் ஒப்பிட்டார். வெட்டியதை இல்லை.

வாய்தா:

குறுக்கு விசாரணையில் அந்த பதில் நிற்காது ஐயா.

வடமொழிவாசகன்:

அதற்கடுத்து நடப்பதைப் பாருங்கள். பதிலைக் கேட்ட சதானந்தர் அம்மாவைப் பற்றி மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. ராமனை வரவேற்றுவிட்டு, உன்னை அழைத்து வந்தவர் யார் தெரியுமா என்று விசுவாமித்திரரின் கதையைச் சபையில் சொல்லத் தொடங்குகிறார். 14 சர்க்கம் கிட்ட ஓடுகிறது. வசிட்டரோடு சண்டை, திரிசங்கு, மேனகையோடு 10 வருடம் வாழ்ந்தது எல்லாம் வருகிறது. அப்புறம் ரம்பை. தவத்தைக் கலைக்க இந்திரன் அனுப்பியவள். அவள் பயந்து நடுங்கியபடி, அவர் என் மேல் கோபப்படுவார், இரங்குங்கள் என்று சொல்லியும் அனுப்பினான். விசுவாமித்திரர் இந்திரன் சூழ்ச்சி என்று தெரிந்துகொண்டும் இந்திரனை விட்டுவிட்டு அவளைச் சபித்தார். 10,000 வருடம் கல்லாய்க் கிட என்று.

கல் சாபம் வால்மீகியில் இருப்பது அங்கேதான். அதைக் கொடுத்தவர் விசுவாமித்திரர். அகலிகையின் கதையை ராமனுக்குச் சொன்னவரும் அவரே. அந்தக் கல்லைப் பற்றிச் சபையில் அவரை எதிரே வைத்துக்கொண்டு சொல்வது அகலிகையின் மகன்.

தாழம்பூ:

இதை நான் கவனித்ததே இல்லை. இந்திரன் தப்பிக்கிறான், அனுப்பப்பட்டவள் கல்லாகிறாள். இரண்டு கதையும் ஒன்றே. பிற்காலத்தில் ரம்பையின் கல்லைத் தூக்கித்தான் அகலிகை மேல் வைத்தார்களோ?

பழைய_ஓலை:

அப்படி நேராகச் சொல்லச் சான்று இல்லை அம்மா. பரங்குன்றத்துக்குக் கதை எந்த வழியாக வந்தது என்பது தனி ஆராய்ச்சி. ஆனால் பால காண்டத்துக்குள்ளேயே இரண்டும் 16 சர்க்க இடைவெளியில் இருப்பது சும்மா இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அடியேன்:

சதானந்தர் சொன்னது விசுவாமித்திரரின் பெருமையை. கோபத்தால் தவம் வீணானதே என்று அவரே வருந்தி, இனி கோபப்பட மாட்டேன் என்று மூச்சை அடக்கித் தவம் இருந்ததுதான் அடுத்த பகுதி. ரம்பையைச் சபித்ததை அவர் சாதனையாகச் சொல்லவில்லை, சறுக்கலாகச் சொல்கிறார். அந்தக் கட்டத்தைத் தாண்டித்தான் அவர் பிரம்மரிஷி. எனவே அகலிகைக்காகக் கோதமரிடம் "நெஞ்சினால் பிழைப்பிலாளை அழைத்துக்கொள்" என்று பேச அவருக்கு மற்ற எவரையும்விட உரிமை உண்டு. ஒரு பெண்ணைக் கல்லாக்கிப் பார்த்து, அது என்ன என்று தெரிந்தவர்.

கொள்ளிடத்தான்:

அடியேன் ஐயா, நான் கேட்ட கேள்விக்கு இந்த இழையில் வந்த பதில்களில் இதுதான் எனக்கு அதிகம் ஒத்துவருகிறது. முதல் பாட்டில் "ஓராள்" என்று சொன்னதும் அவர், கடைசியில் "பிழைப்பிலாள்" என்று சொன்னதும் அவர். கம்பன் அந்த இரண்டையும் வேறு யார் வாயிலும் வைக்கவில்லை.

தாழம்பூ:

ஒத்துவருகிறது, ஆனால் மறுபடியும் ஒரு ஆணின் மனமாற்றக் கதையாகிவிட்டது பாருங்கள். ரம்பையை யார் மீட்டார்கள்?

வடமொழிவாசகன்:

தவவலிமை உள்ள ஒரு பிராமணர் வந்து மீட்பார் என்று விசுவாமித்திரர் சாபத்தோடு சேர்த்துச் சொல்கிறார். பால காண்டத்தில் அவர் வந்ததாக இல்லை.